கமுக்கட்டுப் பால்

கிட்ட வாங்கோ பிள்ளைகளே. கதவடியில் நிற்கிற மகள், நீயும் உள்ளுக்கு வந்து இரு, பாயில் இடம் கிடக்கிறது. இன்றைக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். கொஞ்சம் இரத்தம் உள்ள கதைதான். பயம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கோ. கேட்டு முடிக்கிறபோது உங்களுக்கு ஒரு குறையும் வராது, அதற்கு நான் பொறுப்பு.

இராகுலனின் இடது கமுக்கட்டில் பால் சுரக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் கையை வெடி கொண்டுபோய் ஒன்பதாம் நாள். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வார்ட்டில் பதினோராம் கட்டிலில் அவன் கிடந்தான். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. மிஞ்சிய துண்டைத் துணியால் சுற்றித் தலையணையில் ஏற்றி வைத்திருந்தார்கள். கைக்குழிக்குள் தேசிக்காய் அளவில் வீக்கம் கண்டதும் நெறி கட்டியிருக்கிறது என்றார்கள், பிறகு சீழ் என்றார்கள், பிறகு கீறினார்கள். சீழ் வரவில்லை. வெள்ளையாக, எண்ணெய் மினுக்கத்தோடு, கடற்புல் மணக்க மணக்கப் பால் வந்தது, வந்தது நிற்கவுமில்லை. பெரிய டொக்டர் அட்டையில் "திரவம்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மாமரத்தால் விழுந்து கால் முறிந்து பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெரியவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இனி எங்கட வார்ட்டுக்குத் தேத்தண்ணி வெளியில சொல்லத் தேவையில்லை" என்றார். இராகுலன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அவன் எப்படி அந்தக் கட்டிலுக்கு வந்தான் என்று சொல்லவேணும். உள்துறைமுகத்தில் குணரத்தினம் சம்மாட்டிக்கு நாலு வள்ளம், மீனுக்கு வெடி எறிகிற ஆட்கள் ஏழு பேர். வெடிமருந்து கல்லுடைக்கிற இடமொன்றிலிருந்து அரிசிச் சாக்குக்குள் வரும். திரியைக் கொளுத்தி, கையிலேயே வைத்துக்கொண்டு ஏழு எண்ணி எறியவேணும். அப்போதுதான் ஒரு பாகம், அதாவது ஓர் ஆள் ஆழத்தில் வெடிக்கும். ஐந்தில் எறிந்தால் மீன் கலைந்துவிடும், எட்டில் எறிந்தால் கை போய்விடும். அந்தத் தொழிலில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் சீவியம். இராகுலன் பதினாறு வருசமாக எண்ணியவன், ஒரு நாளும் தவறாதவன். கச்சான் காற்று வீசுகிற ஆனி மாதத்தில், கொட்டியாரக் குடாவின் புற்படுகைக்கு மேலே அவன் முதல் வெடியை எறிந்தபோது கீரிமீன் வெள்ளிக்காசுபோல மல்லாந்து மிதந்தது. அதற்கு நடுவில் ஒரு கறுத்த முதுகும் எழும்பிப் புரண்டது, தண்ணீர் சிவந்தது. இரண்டாம் வெடியைக் கொளுத்தி நாலு எண்ணும்போது அந்த முதுகுக்கு முன்னால் ஒரு மூக்கு மேலே வந்தது. அதன் இரண்டு துளைகளும் திறந்து, அவனுடைய முகத்தில் ஒரு சூடான மூச்சை விட்டு, மூடிக்கொண்டன. ஐந்து எண்ணியாயிற்றா இல்லையா என்று அவன் மறந்தது அந்த இடத்தில்தான். பின்னேரம் ஏலத்துக்குப் போன ஒரு கூடை மீனுக்குள் அவனுடைய இரண்டு விரல் கிடந்தது. வாங்கினவர் அதை வாழையிலையில் சுற்றி, வீடு விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். சம்மாட்டி அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, "ஜெனரேற்றர் வெடிச்சது எண்டு சொல்லு" என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார்.

செத்தது ஆவுளியா. புத்தகத்தில் கடற்பசு என்று எழுதுவார்கள். அது செத்ததால் உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவள் பெயர் பஸ்மியா. கிண்ணியாக்காரி. மிருக வைத்தியம் படித்து, காட்டுச் சீவன்கள் எப்படிச் சினைப்படுகின்றன, எதனால் கரு கலைகிறது, நீரில் வாழ்கிறவை என்ன நோயில் சாகின்றன என்று ஆராய்கிறவள். சீனன்குடாவில் விமானப்படையின் முள்ளுக்கம்பி முடிகிற இடத்தில், மூடிக்கிடந்த ஓர் ஐஸ் ஆலைதான் அவளுடைய ஆய்வுகூடம். யானை, மரை, ஓங்கில் என்கிற டொல்பின், ஆமை என்று எதையும் பிடிக்காமல், தொடாமல், அவை விட்டுப்போகிற கழிவை அள்ளிச் சோதித்தே சினையா இல்லையா என்று சொல்லிவிடுவாள். கிண்ணியாவில் மூன்று முறை பெண் பார்க்க வந்தார்கள். மூன்று முறையும் அவள் வலைச்சல்லடையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். இந்த ஆவுளியாவை அவள் பதின்மூன்று மாதம் பின்தொடர்ந்திருந்தாள். குடாவில் வேறொன்றை அவள் கண்டதில்லை. அதன் வயிற்றில் பிள்ளை தங்கிய கிழமையை அந்த ஆவுளியாவுக்கு அடுத்தபடியாக அறிந்தவள் அவள்தான்.

செய்தி கேட்டு அவள் வள்ளத்தில் போய்ச் சேர்ந்தபோது உடலைக் கரைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். ஆவுளியா இறைச்சிக்கு ஆசைப்படாத வாய் குறைவு. நாற்பது ஐம்பது பேர் கத்தியும் சட்டியுமாகச் சுற்றி நின்றார்கள். கத்தியோடு வந்தவர்களில் கடைசியாக வந்தவள் பஸ்மியா. முதலில் வெட்டியவளும் அவள்தான். "தள்ளுங்க" என்று ஒரு சொல் மட்டும் சொன்னாள். அவளுடைய வள்ளக்காரன் ஜெமீல் துடுப்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான். தொப்புளுக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குக் கிழித்து, தோளளவும் இரண்டு கையையும் உள்ளே விட்டு அவள் இழுத்தபோது, செத்து ஒரு மணித்தியாலமான தாயின் வயிற்றிலிருந்து உயிரோடு ஒரு பெண்குட்டி வந்தது. முப்பத்தொரு கிலோ. அது தும்மியது. சட்டியோடு நின்றவர்கள் ஓரடி பின்னுக்குப் போனார்கள்; குட்டியை வள்ளத்தில் ஏற்றியதும் இரண்டடி முன்னுக்கு வந்தார்கள். பஸ்மியா திரும்பிப் பார்க்கவில்லை. கத்தி எலும்பில் படுகிற சத்தம் வள்ளம் தூரம்போகும்வரை கேட்டது.

ஐஸ் ஆலைக்கு முன்னால் கடலுக்குள் தடி ஊன்றி வலை அடித்து ஓர் அடைப்புக் கட்டினார்கள். குட்டி அதற்குள் மிதந்தது, ஆனால் குடிக்கவில்லை. பஸ்மியா பால்மாவில் மீனெண்ணெய் கலந்தாள், சூப்பிப் போத்தலில் கொடுத்தாள், குழாயால் கொடுத்தாள், தன் கமுக்கட்டுக்குள் ரப்பர்க் காம்பு வைத்தும் கொடுத்தாள்; ஆவுளியாவுக்கு முலை அங்கேதான், முன்துடுப்பின் அடிக்குழிக்குள். குட்டி வாயைத் திறந்து, மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டு நாளில் ஏழு கிலோ குறைந்தது. ஒன்பதாம் நாள் அவளுடைய சின்னம்மாவின் மகள் ஷிஃபானா, ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ்ஸியாக இருப்பவள், மருந்துப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"ராத்தா, இது என்ன பால் எண்டு சொல்லுங்க. எங்கட ஆக்களுக்கு விளங்குதில்ல. ஒரு ஆம்பிளைட கமுக்கட்டால வருது."

பஸ்மியா சோதித்தாள். கொழுப்பு நூற்றுக்குப் பதினாறு, இனிப்பு இல்லை, உப்பு உண்டு. மறுபடியும் சோதித்தாள், ஆவுளியாப் பாலேதான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பதினோராம் கட்டிலடியில் அவள் நின்றபோது இராகுலன் அவளுடைய காலணியைப் பார்த்தே பேசினான். "நீங்கள்தானே அதின்ர வயித்தை வெட்டின டொக்டர்?"

"ஓம். நீங்கள்தானே அதைக் கொண்டது?"

"ஜெனரேற்றர் வெடிச்சது" என்றான் அவன்.

பஸ்மியா அவனுடைய தோளைப் பிடித்து, கீறின இடத்தில் பெருவிரலை வைத்து, சோதனைக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு அழுத்தினாள். அவன் அலறினான். பால் நேராகச் சுவரில் அடித்தது. "ஜெனரேற்றர் பால் குடுக்காது" என்றாள். "எழும்புங்கோ. அதுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்குது."

அவள் அவனை மன்னிக்கவில்லை, அதைச் சொல்லிவிடவேணும். அவனைத் தண்ணீருக்குள் இறக்கியபோது பச்சைப் புண்ணில் உப்பு எரிந்து அவன் பல்லைக் கடித்ததை, ஒரு நல்ல சாப்பாட்டைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். குட்டி மூன்று தரம் அவனைச் சுற்றியது. பிறகு துண்டுக்கையை மூக்கால் தூக்கி, கைக்குழிக்குள் வாயை வைத்து இழுத்தது. முதல் நாள் ஒன்றரைப் போத்தல், மாதம் முடிகையில் நாலு போத்தல், இரண்டாம் மாதம் ஆறு. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கழுத்தளவு தண்ணீரில் போய் நிற்கவேணும். பட்டினத்தில் முதல் இரண்டு கிழமை வேறு கதை இல்லை. தேத்தண்ணிக் கடையில் அவனைக் கண்டால், "இராகுலன், மிஞ்சினா இங்கயும் ஒரு போத்தல் ஊத்தன்" என்பார்கள். மூன்றாம் கிழமை எரிபொருள் வரிசை நீண்டது. சனம் அவனை மறந்து அதைப் பேசியது.

அவனுடைய மனைவி தயாளினி லிங்கநகரில் தையல்காரி. பகல் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கரைக்கல்லில் இருப்பாள். "நான் ரெண்டு பெத்தனான் டொக்டர்" என்று பஸ்மியாவிடம் சொல்லுவாள், "ரெண்டும் ராவிராவாக் கத்தேக்க இந்த மனுசன் ஒருக்காலும் எழும்பேல்லை. இப்ப பாருங்கோ, மணிக்கூடு பாத்துப் பால் குடுக்கிறார்." தண்ணீருக்குள் நின்றபடி அவன், "இது கத்துறேல்லை, அதுதான்" என்பான். குட்டிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்பது பஸ்மியாவின் கட்டளை. பெயர் வைத்தால் கணக்குப் பிசகும் என்பாள். தயாளினி அதைச் சின்னவள் என்றாள். நாலாம் மாதம் ஒருநாள் இராகுலன் கேட்காமலே சொன்னான்: "டொக்டர், அது என்ர முகத்தில மூச்சு விட்டது. சாகேக்க இல்லை, சாக முன்னம். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு." பஸ்மியா எடை எழுதுகிற கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அன்றைக்கு அவனுடைய புண்ணுக்கு மருந்து போடுகிறபோது அவளுடைய கை மெதுவாக இருந்தது.

கெடுதல் வேறு பக்கத்தால் வளர்ந்தது. சம்மாட்டியின் மற்ற ஆறு பேரும் கமுக்கட்டைத் தடவித் தடவிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவனுக்கு வியர்த்தாலே பால் என்று பயம். வெடியைக் கொளுத்தக் கை வராமல் ஒவ்வொருவராகக் கூலிவேலைக்குப் போய்விட்டார்கள். நாலு வள்ளமும் கரையில் காய்ந்தன. குணரத்தினம் சம்மாட்டி இதைத் தொற்றுவியாதி என்று நினைத்தார். வியாதி அந்தக் குட்டியிடமிருந்து வருகிறது, குட்டி செத்தால் வியாதி நிற்கும் என்பது அவர் கண்ட கணக்கு. எறிய ஆள் இல்லாதபடியால் தானே எறியத் தீர்மானித்தார். இருபது வருசமாக அவர் கையில் திரி பிடிக்கவில்லை.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். அந்த நேரத்தில் கிண்ணியா வீதியிலும் கரையிலும் ஓர் ஆண்பிள்ளையைக் காணமுடியாது. ஜெமீலும் தொழப் போயிருந்தான். பஸ்மியா ஆலை வாசலில் புல்லை நிறுத்துக்கொண்டிருந்தாள். தயாளினி கரைக்கல்லில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்தாள். இராகுலன் நெஞ்சளவு தண்ணீரில், சின்னவள் அவனுடைய இடது பக்கத்தில். பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு வள்ளம் வந்தது. அதில் ஒருவர், முகத்தைச் சிவப்புத் துவாயால் கட்டியிருந்தார். பழக்கம் விட்டுப்போனவர் என்றபடியால் வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. கையை நினைத்துப் பயந்து ஐந்திலேயே எறிந்துவிட்டார். வெடி வலைக்குள், இராகுலனுக்கு ஒரு பாகம் தள்ளி விழுந்து தாழத் தொடங்கியது.

"அஞ்சில விட்டுட்டீர் சம்மாட்டி" என்றான் இராகுலன். சிரித்துக்கொண்டு சொன்னான் என்றுதான் தயாளினி இன்றைக்கும் சொல்கிறாள்.

அவனுக்கு இரண்டு எண்ணிக்கை மிச்சமிருந்தது. தண்ணீருக்குள் வெடித்தால் குட்டியின் உள்ளெல்லாம் கிழிந்துபோகும். பதினாறு வருசம் அதைத்தானே செய்தவன். கரைக்கு எறிந்தால் அங்கே தயாளினி. அவன் இருந்த ஒரு கையால் வெடியை எடுத்தான், முழங்காலால் சின்னவளைத் தண்ணீருக்கு அடியில் அமத்தினான், கையை எட்டின மட்டும் வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்றில் வெடித்தால் மீன் சாகாது. அதுவும் அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

விமானப்படை முகாமில் இரண்டு யன்னல் கண்ணாடி உடைந்தது. தயாளினியின் சோற்றுக்கு மேலே மண்ணும் மற்றதும் விழுந்தன. பஸ்மியாவுக்கு ஒரு காது மூன்று நாள் கேட்கவில்லை. அவனுடைய வலது கையும் தலையும் தோளும் போய்விட்டன. இடது கமுக்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பெண்களுமாக அவனைக் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். சின்னவள் பின்னாலேயே வந்து, அந்தத் துண்டுக்கையை மூக்கால் தூக்கிப் பார்த்தது. பஸ்மியா அதைத் தள்ளப் போனாள். தயாளினி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்கோ டொக்டர். அதுக்கு நேரமாச்சு."

குட்டி குடித்தது. செத்த உடலிலிருந்து அரை மணித்தியாலம் பால் வந்தது, கொழுப்புக் குறையாமல் வந்தது. தயாளினி தண்ணீருக்குள் இருந்து, குட்டி குடித்து முடியும்வரை அவனுடைய நெஞ்சில் கையை வைத்திருந்தாள். பிறகுதான் பொலிசுக்குச் சொன்னார்கள். சம்மாட்டி என்று அவன் கூப்பிட்டதைத் தயாளினி சொன்னாள். அந்தக் கரையில் சம்மாட்டிமார் பதினாலு பேர். குணரத்தினத்தாரோ என்றால், அன்றைக்குக் கோயில் அன்னதானத்தில் காலையிலிருந்து பின்னேரம்வரை அகப்பையும் கையுமாக நின்றதாக நாற்பது பேர் சொன்னார்கள். அந்த நாற்பது பேரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள்.

சின்னவள் மறுநாள் புல் கடித்துப் பார்த்துத் துப்பியது. அதற்குப் புல் செரிக்கிற வயது இன்னும் வரவில்லை. போத்தலையும் குழாயையும் முன்புபோலவே மறுத்தது. மூன்றாம் நாள் முதுகெலும்பு தெரிந்தது. பஸ்மியா வலைக்குள் இரவும் பகலும் நின்று, தோல் வெளிறி ஊறிப்போய், தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சீவனுக்கு முன்னால் கைகட்டி நின்றாள். நாலாம் நாள் காலை, பட்டினத்துச் சந்தையில் பூ விற்கிற கனகம்மா, சாவுத் துடக்கு வீடென்றும் பாராமல் தயாளினியிடம் வந்தாள்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன், நீ யோசிச்சுப் பார். குணரத்தினத்தின்ர வீட்டுக்கு ரெண்டு நாளா என்ர கடை மல்லிகை முழுக்கப் போகுது. இண்டைக்கு மொட்டும் விடேல்லை. கல்யாணமும் இல்லை, சாமத்தியச் சடங்கும் இல்லை. பால் வத்தத்தான் பொம்பிளையள் இப்பிடி மல்லிகை வைச்சுக் கட்டுறது. அந்த வீட்டில பால் வத்தப் பண்ண ஆர் இருக்கினம்? அவற்ர மனுசிக்கு அறுபத்திரண்டு வயசு."

தயாளினி எழும்பி ஐஸ் ஆலைக்குப் போனாள். கேட்டதும் பஸ்மியாவுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. ஒரு குட்டியின் வாயிலிருந்து பாலைப் பறித்தவனிடம் அந்தப் பால் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். "அவரைக் கூட்டிவர வேணும்" என்று அவள் சொல்லிமுடிக்க முன்னம் தயாளினி நிறைகல்லை எடுத்துச் சுவரில் எறிந்தாள்.

"என்ர மனுசனைக் கொண்டவன்ர பாலையோ குடுக்கப்போறியள்? இப்பவே பொலிசுக்குப் போவம். இதைவிட வேற என்ன சாட்சி?"

"போனா அவரை உடனே உள்ளுக்குப் போட்டுடுவாங்க. இது நாளைக்குச் செத்துடும் தயாளினி."

"சாகட்டும்."

பஸ்மியா கீழே விழுந்த நிறைகல்லைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். மேலே வற்புறுத்தத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தயாளினி கரைக்குப் போய்க் கல்லில் இருந்தாள். வலைக்குள் சின்னவள் ஒரு பக்கமாகச் சரிந்து, மூச்சு விட மட்டும் மேலே வந்து போனது. வெயில் ஆலையின் கூரைக்கு மேலே ஏறும்வரை தயாளினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி வந்து, "சாக விடுறதெண்டால் அவர் ஏன் கையைத் தூக்கினவர்?" என்று கேட்டாள், பஸ்மியாவிடம் கேட்கவில்லை. "ஓட்டோவுக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

குணரத்தினம் சம்மாட்டி அறையைப் பூட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தார். மனைவி அழுதுகொண்டு கதவைத் திறந்துவிட்டாள். வீடு முழுக்க மல்லிகை மணம், கல்யாண வீடுபோல. தயாளினி கட்டிலடியில் நின்று, "சம்மாட்டியார், கையைத் தூக்குங்கோ" என்றாள். அவர் தூக்கினார். கருகி நனைந்த பூ கொத்துக் கொத்தாகப் பாயில் விழுந்தது. கைக்குழி தேங்காய்ப்பாதி அளவில் வீங்கி, கல்லாக இறுகி, நரம்பு ஓடிக் கிடந்தது.

"என்னட்ட என்ன வேணும் பிள்ளை?" என்றார்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம். அதுக்குப் பசிக்குது. ஓட்டோ வாசல்ல நிக்குது."

"பொலிசுக்குச் சொல்லப்போறியோ?"

"அது பால் மறந்த அண்டைக்கு."

"நான் அதுக்கு முன்னம் செத்துப்போனால்?"

"உங்களுக்குச் சாக நேரமில்லை" என்றாள் தயாளினி. "மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடுக்க வேணும்."

கரையில் அவர் சேட்டைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். தயாளினி தையல் கத்தரிக்கோலை எடுத்து, அவர் போட்டிருந்தபடியே சேட்டின் கமுக்கட்டுப் பக்கத்தை வட்டமாக வெட்டினாள். கத்தரிக்கோல் தோலிலும் பட்டது. தெரிந்து பட்டதா தெரியாமல் பட்டதா என்று அவளும் சொன்னதில்லை. சின்னவள் இரத்தத்தையும் பாலையும் சேர்த்தே குடித்தது. அதற்கு ஆளைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்கவில்லை. பஸ்மியா ஐந்து போத்தல் என்று கொப்பியில் எழுதினாள். அந்த மனிதர் மனம் திருந்தினாரா என்று என்னிடம் கேட்காதேங்கோ. வலி நின்றது என்பது மட்டும் எனக்குத் தெரியும். குட்டியின் வாய் படாமல் ஒரு நேரம் தவறினாலும் அவருக்குக் கை கல்லாகிவிடும். ஆகவே ஓடிப்போக அவருக்கு வழி இருக்கவில்லை.

அப்படிப் பதின்மூன்று மாதம். ஒவ்வொரு நேரமும் தயாளினி கல்லில் இருந்து பார்த்தாள். தையல் மெசினையே ஆலைக்குக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டாம் மாதம் சம்மாட்டியின் மூத்தமகன் கிருஷாந்த் வெளியூரிலிருந்து வந்தான்; தகப்பனின் மானத்தைக் கெடுக்கிறார்கள் என்று இரும்புக்கம்பியோடு இறங்கி, தடுக்கப்போன ஜெமீலின் விலா இரண்டை உடைத்து, வலையையும் ஒரு பக்கம் அறுத்தான். தகப்பன் தண்ணீரிலிருந்து எழும்பவில்லை. மகன் கிட்ட வந்து தோளைப் பிடித்து இழுத்தபோது, மற்றக் கையால் அவனுடைய முகத்தில் ஓங்கி அடித்தார், மூக்குடைந்தது. "அது குடிச்சு முடியட்டும்" என்றார். கிருஷாந்த் அன்றைக்கே பஸ் ஏறினான்.

பிறகு ஒரு மார்கழிக் காலை சின்னவள் சம்மாட்டியைச் சுற்றி வந்தது, மூக்கால் ஒருமுறை இடித்தது, அடியில் போய்ப் புல்லைப் பிடுங்கித் தின்னத் தொடங்கியது. மத்தியானமும் அப்படியே. மறுநாளும் அப்படியே. பஸ்மியா நூற்றிருபத்தொரு கிலோ என்று எழுதி, கொப்பியை மூடி, தயாளினியைப் பார்த்தாள். சம்மாட்டியார் யாரும் சொல்லாமலே கரைக்கு வந்து, தலையைத் துவட்டி, ஈரச் சாரம் மாற்றி, கல்லில் இருந்தார்.

"பொலிசைக் கூப்பிடட்டோ?" என்றாள் தயாளினி.

"நானே வாறன் பிள்ளை" என்றார் அவர். "நீ கூட வா. வழியில மனம் மாறினாலும் மாறும்."

நீதவானுக்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் சொன்னார். எண்ணினது, ஐந்தில் விட்டது, அகப்பை பிடித்தது வேறொருவர் என்பது. குட்டி பாலை மறந்ததே தவிர, பால் அவரை விட்டுப் போகவில்லை. இப்போது வாய் படாமலே, நேரம் தப்பாமல் சேட் நனைந்தது. அதைக் கண்ட நீதவான், இவருடைய வழக்கைப் பாலெடுத்த பிறகு பத்தரைக்கு எடுக்கும்படி உத்தரவிட்டு, மற்ற வழக்கைக் கூப்பிட்டார். சிறையில் அவருக்கு இரண்டு துவாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அவர் எல்லாம் சொன்ன அன்றைக்குப் பின்னேரம் பஸ்மியாவும் தயாளினியும் வலையை அவிழ்த்துவிட்டார்கள். சின்னவள் உடனே போகவில்லை. ஒரு கிழமை அங்கேயே மேய்ந்துவிட்டு, ஒரு மழைநாளில் போனது.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஐஸ் ஆலை வாசலில் ஒரு வரிசை நிற்கும். கிளிவெட்டியிலிருந்து மடி வீங்கின மாட்டைக் கொண்டு வந்தவர் முன்னால் நிற்பார். அவருக்குப் பின்னால் குட்டியுள்ள ஓங்கிலை வெடியில் கொன்றவன், வயிற்றில் துவாயைக் கட்டிக்கொண்டு நிற்பான். கந்தளாய் வீதியில் தாய் யானையை மோதிய லொறிச் சாரதிக்கு நெஞ்சில் சுரக்கும். மரை சுட்டவனுக்கு எங்கே சுரக்கும் என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைகள் இருக்கிறீர்கள். அவன் கதிரையில் இருக்கமாட்டான், நிற்பான். பஸ்மியா எல்லாருக்கும் மாட்டுக்குப் போடுகிற அதே களிம்பைத்தான் போடுவாள். எடுத்த பாலைத் தயாளினி போத்தலில் ஊற்றி, எந்தச் சீவனுக்கு என்று பெயர் ஒட்டிக் குளிர்பெட்டியில் வைப்பாள். மாட்டுக்காரர் பின்னால் திரும்பி, "எத்தினை நாளா?" என்று கேட்பார். "போன வியாழன் துடக்கம்" என்பான் பின்னால் நிற்கிறவன். "வெயிலுக்க நிக்காதேங்கோ, இங்கால நிழலுக்கு வாங்கோ" என்பார் அவர். அவ்வளவுதான்.

சரி மக்களே, எழும்புங்கோ. உங்கள் வீட்டு உலையில் அரிசி வேகாத நாள் வரவேண்டாம். உங்கள் கை எதை எடுத்தாலும் அது ஒருவருடைய வாயிலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டாம். உங்கள் வாசலில் எந்தப் பிள்ளை பசித்து வந்தாலும், மனிதப் பிள்ளையோ மற்றப் பிள்ளையோ, அதற்குக் கொடுக்க உங்களிடம் ஏதாவது சுரக்கட்டும். நல்லாயிருங்கோ.